சமுத்திர தேவி நின்ற இடம்

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் காலிக்கு ரயில் ஏறுகிறவர்கள் வலப்பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். காரணம், கடல்! சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு தென்னை மரம் நிற்கத்தான் இடம். கையில் இறால் வடை, முகத்தில் உப்புக்காற்று... ஆபீஸ், மேனேஜர் எல்லாம் சுத்தமாக மறந்து போகும்.

ஹிக்கடுவையில் இறங்கி, வந்த வழியே த்ரீவீலரில் கொஞ்ச தூரம் திரும்பினால் பெரேலிய. ரோட்டோரம், நீருக்கு நடுவே நெடுநெடுவென்று நிற்கிறார் புத்தர். ஜப்பானிய பௌத்தர்களின் உதவியோடு எழுந்த சிலை. 2001-ல் தாலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்தார்களே, பாமியான் புத்தர், அதே சாயல்.

"அலை எவ்வளவு உயரம்ப்பா?" என்றேன் த்ரீவீலர்காரரிடம். வாயால் சொல்லவில்லை. சிலையின் தலையைக் காட்டினார்.

2004, டிசம்பர் 26. ஞாயிறு, பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? காலை ஏழு மணிக்குச் சற்று முன் கோட்டையிலிருந்து கிளம்பியது 'சமுத்திர தேவி'. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் சுமத்ரா அருகே கடலடியில் பூமி குலுங்கியது. ஒன்பதரை வாக்கில் ரயிலும் அலையும் பெரேலியவில் சந்தித்தன.

இங்கே தண்டவாளம் கடலிலிருந்து 200 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. முதல் அலையில் ரயில் நின்றது. பெட்டி கனமானது, பத்திரம் என்று நம்பி ஊர் ஜனங்களும் குழந்தைகளோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். இரண்டாவது அலை பெட்டிகளைத் தீப்பெட்டி மாதிரி உருட்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேல் சாவு. உலகத்திலேயே மிகப் பெரிய ரயில் விபத்து இதுதான். உரிமை கோர ஆளில்லாத பலரை இங்கேயே பௌத்த முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கிறது. பூகம்பத்துக்கும் அலைக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். மற்ற ரயில்களை நிறுத்திவிட்டார்கள். இதை நிறுத்த அம்பலாங்கொடை ஸ்டேஷனுக்குப் போன் அடித்தார்கள். ஊழியர்கள் எல்லாம் பிளாட்பாரத்தில், இதே ரயிலைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. யாரைக் குற்றம் சொல்ல? அவரவர் வேலையைத்தான் அவரவர் செய்தார்கள். அன்றைக்கு இந்துமாக்கடலுக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அப்புறம்தான் வந்தது. நம் ஹைதராபாத்தில் 2007-ல் மையம் திறந்தார்கள்.

புத்தரின் வலது கை உயர்ந்திருக்கிறது. அபய முத்திரை, 'அஞ்சாதே' என்று அர்த்தமாம். எனக்கென்னவோ, 'நில்' என்று ரயிலுக்குச் சொல்கிற கை மாதிரிதான் தெரிந்தது.

அன்று கவிழ்ந்த இன்ஜினைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். டிசம்பர் 26-ல் அது பெரேலியவுக்கு வந்து நிற்கும், உறவுக்காரர்கள் பூவோடு இறங்குவார்கள். நீங்கள் காலி போனால், பீச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை இங்கே கொடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.