தகரக் கூரை மேல் மழை

மே மாதம் வந்துவிட்டால் எனக்கு ஏற்காட்டில் தங்கிய அந்தத் தகரக் கூரை அறைதான் ஞாபகத்துக்கு வரும்.

1986. எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளியில் கைடு மாணவிகளை 5 நாள் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கொரு ஜமக்காளம், போர்வை, தட்டு, டம்ளர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டோம்.

கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று கனவோடு போனால், கிடைத்தது காப்பித் தோட்டத்தின் பழைய லைன் வீடு. வரிசையாக ஆறு அறைகள். தோட்டத்து ஆட்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டதால், பழம் பறிக்கும் சீசனில் மட்டும் வெளியாட்கள் தங்குவார்களாம். மே மாதத்தில் காலி. அறைக்கு எட்டுப் பேர். சாணி மெழுகிய தரை, கரி படிந்த சுவர், ஜன்னல் என்ற பெயரில் ஓர் ஓட்டை.

"ஐயே, இதுல மனுஷங்க இருப்பாங்களா?" என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்த என் வகுப்புத் தோழி மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரையில் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். என் தலைமாட்டில் ஒழுக ஆரம்பித்தது. அம்மா ஞாபகம் வந்து அழுதேன். அவள்தான் எழுந்து, ஒழுகும் இடத்தில் தட்டை வைத்து, என்னை நகர்த்திப் படுக்கவைத்து, தன் போர்வையில் பாதியைப் போர்த்திவிட்டாள்.

"இந்தச் சத்தம் பழகிட்டா, அது இல்லாமத் தூக்கம் வராதுடி" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து அந்த அறை எங்களுக்குச் சொர்க்கமாகிவிட்டது. விடியற்காலை விசில், சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடி, அடிப்பிடித்த ரவா உப்புமா, மரத்தடியில் முடிச்சுப் பயிற்சி, இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. லாந்தரை அணைத்த பிறகும் பேச்சு ஓயாது.

கடைசி நாள், ஒரு பாட்டி தூக்குச்சட்டி நிறையப் பலாச்சுளையோடு வந்தார். தோழி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "எங்க ஆயா. இந்த ரூம்லதான் இருந்தாங்க. நான் பொறந்ததே இங்கதான்" என்றாள், சாதாரணமாக.

பாட்டி என் கன்னத்தைத் தடவி, "ராத்திரி ஒழுகுச்சா கண்ணு? அந்த மூலை எப்பவுமே அப்படித்தான்" என்றார்.

சுளை தொண்டையில் இறங்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. அவளோ ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பார்க்கவேயில்லை.

இன்றும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், எவ்வளவு சின்ன வீடானாலும், வாய் தவறி ஒரு சொல் வந்துவிடக்கூடாதே என்று மனசு எச்சரிக்கும். அது அவள் சொல்லாமல் கற்றுக்கொடுத்தது. இதை அவள் படிப்பாளா, தெரியாது. படித்தால், அந்தப் பாதிப் போர்வைக்காரிக்கு: தப்புதான்டி, மன்னிச்சுக்கோ.