அந்த வகுப்பில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் மாலை நேரப் படிப்பகம் கவுன்சிலிங் மையமாக மாறிவிடும். ஒரு பழைய லேப்டாப், நாலைந்து செல்போன், ஒரு பை நிறைய சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். வாசலில் வேலைக்குப் போகாமல் லீவு போட்டு வந்த அப்பாக்கள். பத்து வருடமாக இதைச் செய்கிறோம். இந்தப் பத்து வருடத்தில் பாதிக்கு மேல் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டுக் கொண்டிருந்தோம். கட்ஆஃப் எவ்வளவு? பிளேஸ்மென்ட் எப்படி?

மூன்றாவது கேள்வியை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு தங்கை. எங்கள் காலனியிலிருந்து அவ்வளவு கட்ஆஃப் எடுத்த முதல் பிள்ளை. பெரிய நகரத்தில், பெயர் பெற்ற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாங்களே சாய்ஸ் ஃபில்லிங் செய்து கொடுத்தோம், நாங்களே வண்டி பிடித்துக் கொண்டு போய் விட்டு வந்தோம், போட்டோ எடுத்துப் போட்டோம். மூன்று செமஸ்டர் முடிந்ததும் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அரியர் ஒன்றுகூட இல்லை. தலைவலி என்றாள், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவள் அப்பா எங்களிடம் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் சேர்த்தேன்" என்று மட்டும் சொன்னார்.

நடந்ததை அவள் சொல்ல ஆறு மாதம் ஆனது. பெரிய வன்கொடுமை எதுவும் நடந்துவிடவில்லை. முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தவள் "உன் கட்ஆஃப் என்ன?" என்று கேட்டிருக்கிறாள். நம்ம ஊரில் "ஊரா, காலனியா?" என்று கேட்பதன் கல்லூரி வடிவம் அது. எண்ணைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இரண்டாவது மாதம் வகுப்புக்கு ஒரு சர்க்குலர் வந்தது: எஸ்சி, எஸ்டி ஸ்காலர்ஷிப் மாணவர்கள் ஆபீசுக்கு வரவும். வாசித்ததும் அறுபது பேர் நடுவே எழுந்து நின்றது அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு லேப் குழு பிரிக்கும்போதெல்லாம் கடைசியில் மிச்சமாகிற ஆள் அவள். யாரும் திட்டவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இதில் எங்கள் தவறு எது என்று நீண்ட நாள் பேசினோம். சட்டம் படித்தவர்கள், சமூகவியல் படித்தவர்கள் எல்லாம் எங்கள் குழுவில் உண்டு. ஆனால் ஒரு எளிய கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்ததே இல்லை. சிறுபான்மை நிறுவனம் அல்லாத ஒரு தனியார் பொறியியல் கல்லூரி 65 விழுக்காடு இடங்களைக் கவுன்சிலிங்குக்குத் தர வேண்டும். 60 பேர் கொண்ட வகுப்பில் அது 39. அந்த 39இல் எஸ்சிக்கு 18 விழுக்காடு, அதாவது 7. அருந்ததியருக்கு அதற்குள்ளேயே 3 விழுக்காடு, அதாவது ஒரே ஒருவர். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 39இல் அது அரை ஆள்கூட வராது! மீதமுள்ள 21 மேனேஜ்மென்ட் இடங்களில் இந்தக் கணக்கே கிடையாது. பொதுப் பிரிவில் நம்மவர் ஒருவர் வந்தால் எட்டு. ஏழில் சில இடம் காலியாகவே போனால் நான்கு, மூன்று, ஒன்று. 69 விழுக்காடு என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். வகுப்பறைக்குள் போய் எண்ணினால் அது இப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கிற நாடு அமெரிக்கா. அங்கே ஒரு கருப்பின மாணவி கல்லூரி தேடும்போது, அந்தக் கல்லூரியில் கருப்பினத்தவர் எத்தனை விழுக்காடு என்று அரசின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். 2023 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், மாணவர்களைச் சேர்க்கும்போது கல்லூரிகள் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவி இனத்தைக் கணக்கில் எடுப்பதை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. ஹார்வர்டா, ஹோவர்டா என்ற விவாதம் கருப்பினக் குடும்பங்களில் பழையது. ஹோவர்ட் 1867இல் தொடங்கிய கருப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம். மார்ட்டின் லூதர் கிங் அதே ஆண்டில் பிறந்த மோர்ஹவுஸ் என்ற கருப்பினக் கல்லூரியில் முதலில் படித்தார். 1948இல் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் வெள்ளையர் நிறைந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் போனார்.

நமக்கு இங்கே கிடைக்கிற ஒரே பட்டியல், போன வருடக் கடைசி கட்ஆஃப் பட்டியல்தான். ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று கட்டம் கட்டமாக இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆசிரியர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று அதில் இருக்காது. 2012இல் யுஜிசி கொண்டுவந்த விதிகள் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டை விசாரிக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்றன. அந்த விதிகள் நடைமுறையில் இல்லை என்று சொல்லித்தான் ரோஹித் வெமுலாவின் தாயும் பாயல் தத்வியின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு.

அதனால் இப்போது நாங்களே விசாரிக்கிறோம். அந்தக் கல்லூரியில் படிக்கும் நம்ம பிள்ளை ஒருவரையாவது போனில் பிடித்துவிடுவோம். ஸ்காலர்ஷிப் பணம் தாமதமானால் ஹால் டிக்கெட்டை நிறுத்துகிறார்களா? ஹாஸ்டல் அறையை யார் ஒதுக்குகிறார்கள், சாதி பார்த்தா? துறையில் மனசு விட்டுப் பேச ஒரு ஆசிரியராவது உண்டா? கல்லூரி பஸ் எந்த ஊர் வழியாக வருகிறது, பையன்கள் கையில் என்ன நிறத்தில் கயிறு? கடைசிக் கேள்வி தென் மாவட்டத்துத் தோழர்கள் சேர்த்தது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அதை விளக்கத் தேவையில்லை.

போன வருடம் ஒரு தம்பி எங்களை மடக்கினான். "அண்ணா, நம்ம ஆளுங்க இருக்கிற காலேஜே எனக்கு வேணாம். என்னை யாருக்குமே தெரியாத இடத்துக்குப் போகணும்." முதலில் சிரித்துவிட்டோம். பிறகு சிரிக்க முடியவில்லை. பதினேழு வருடம் காலனிப் பையன் என்ற ஒரே அடையாளத்தோடு வளர்ந்தவன், நான்கு வருடமாவது வெறும் மெக்கானிக்கல் மாணவனாக இருக்க ஆசைப்படுகிறான். அதைத் தப்பு என்று சொல்ல நாங்கள் யார்? கட்ஆஃப் கேள்வி அங்கேயும் வரும் என்று மட்டும் சொன்னோம். போய்ச் சேர்ந்தான். நன்றாகத்தான் இருக்கிறான்.

எங்களுக்குள்ளும் இன்னும் சண்டை தீரவில்லை. நம்மவர் இருக்கும் இடத்துக்கே அனுப்பினால் நல்ல கல்லூரிகளை அவர்களுக்கே விட்டுக் கொடுத்ததாகாதா என்பார் ஒருவர். அதுவும் நியாயம்தான். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குத் தனியாகப் போனவர். அதே மனிதர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்கள் படிக்க சித்தார்த்தாவில் காலை வகுப்பு வைத்தார். தனியாகப் போய்ப் படிக்க முடியும் என்று தன் வாழ்க்கையிலேயே காட்டியவர், எல்லாரையும் அப்படித் தனியாக அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

சண்டையில் நடுவே வந்து பேசியது அந்தத் தங்கைதான். இப்போது பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் முழுக்க எங்களோடு லேப்டாப் முன்னால்தான் இருப்பாள். "அந்த காலேஜுக்கு அனுப்பாதீங்கன்னு சொல்லாதீங்கக்கா. லேப் நல்லா இருக்கும், லைப்ரரி நல்லா இருக்கும். ஒருத்தரா அனுப்பாதீங்க, அவ்வளவுதான். ரெண்டு பேரா அனுப்புங்க" என்றாள்.

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. சீட் ரேங்க்படிதான் கிடைக்கும், யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் கட்ஆஃப் பக்கத்தில் பக்கத்தில் உள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, ஒரே வரிசையில் சாய்ஸ் போடச் சொல்லலாம். வேறு ஊர்ப் படிப்பகங்களோடு பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் ஜோடி சேர்வது இன்னும் எளிது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் மட்டும் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் கிடைக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் தோழர்களே, உங்கள் கல்லூரி, துறை, ஆண்டு, ஜூனியர்கள் பேசக் கூடிய நேரம் ஆகியவற்றை எங்களுக்கு அனுப்புங்கள். போன வருடம் இரண்டு ஜோடிகளை அனுப்பினோம். ஒரு ஜோடி முதல் மாதமே சண்டை போட்டுக்கொண்டு பேசுவதில்லையாம். ஆனாலும் சர்க்குலர் வாசித்தபோது இரண்டு பேருமாக எழுந்து போயிருக்கிறார்கள்.