சிப்பிக்குள் ஒரு ஸ்கூட்டர்!

அந்தக் காலத்தில் எங்கள் தூத்துக்குடிப் பக்கம் முத்துச் சிப்பியை ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று விலை. திறந்து பார்க்க அனுமதி கிடையாது. உள்ளே முத்து இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நாறுகிற சதைக்கும் நீங்களேதான் சொந்தக்காரர். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. ஆனால் ஏலம் மட்டும் நிற்கவே இல்லை சார்! 'வண்டி வாங்குவது' என்று பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் ஜோராக நடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்கப் போனால்கூட பத்து நிமிஷம் பேசவிடுகிறார்கள். வண்டி வாங்கப் போனால் தெருமுனை வரை ஒரு ரவுண்டு. அந்த ஒரு ரவுண்டில் எல்லா வண்டியும் யோக்கியம்தான். அசல் குணம் ஆர்.சி. புக் கைக்கு வந்த மறுநாள்தான் தெரியும்.

நான் கணக்கு எழுதப் போகிற ஷிப்பிங் ஏஜென்ஸி ஆபீஸில் காலை பதினோரு மணி டீ நேரத்தில் இந்தப் பேச்சை மெல்ல எடுத்துவிட்டேன். 'உங்களை ரொம்ப ஏமாத்தின வண்டி எது?' அவ்வளவுதான். டீ ஆறிப்போனது; யாரும் குடிக்கவில்லை. சம்பள உயர்வு பற்றிப் பேசும்போதுகூட எங்கள் ஆபீஸில் இத்தனை ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

கஸ்டம்ஸ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாப்பிள்ளை ஒருத்தன் முதலில் ஆரம்பித்தான். செகண்ட் ஹேண்ட் பைக். "டாக்டர் ஓட்டின வண்டின்னு சொல்லித்தான்ல தலையில கட்டினான்" என்றான். நம் ஊரில் விற்பனைக்கு வருகிற வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டினதுதான். இத்தனை டாக்டர் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் க்யூ நிற்கிறது என்று ரொம்ப நாளாக எனக்குச் சந்தேகம். அன்றைக்குத் தெளிந்தது. எல்லாரும் வண்டி விற்கப் போயிருக்கிறார்கள்!

அடுத்தது கேஷியர் அண்ணாச்சி. அவர் வாங்கியது பழைய கார். பார்க்க மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்ததாம். கால் வைக்கிற தகட்டை மட்டும் உப்புக் காற்று தின்று தீர்த்திருந்தது. மேட் விரித்திருந்ததால் தெரியவில்லை. முதல் மழையில் தெரிந்துவிட்டது. "மேலேருந்து பெய்யுத மழைக்குக் குடை இருக்கு தம்பி. கீழேருந்து பெய்யுத மழைக்கு என்னத்தப் பிடிக்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு வடையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் நவீனம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் என்றார்களாம். திருச்செந்தூர் போய்வர எண்பதுதானே என்று பின்சீட்டில் அம்மாவையும், முன்னால் தேங்காய் பழப் பையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். திரும்பி வரும்போது முக்காணியில் வண்டி மௌன விரதம். "போகும்போது முருகனை நினைச்சுட்டே போனேன். வரும்போது முருகா முருகான்னு தள்ளிட்டே வந்தேன்" என்றார்.

இதில் கம்பெனிக்காரன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மைலேஜ் என்று விளம்பரத்தில் போடுவது சோதனைச் சூழலில் எடுத்த எண். அங்கே எதிர்காற்று கிடையாது. பின்சீட்டில் அம்மா கிடையாது. ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. முக்கியமாக, உப்பளம் கிடையாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் போட்டுவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துருப்பிடிக்கிற வேலை உள்ளூரைவிடக் கடற்கரையில் வேகமாக நடக்கும். மற்ற ஊரில் வண்டிக்கு மேலே துடைப்பார்கள். எங்கள் ஊரில் விவரம் தெரிந்தவன் கீழே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவான்.

நாம்தான் இப்படி ஏமாளிகளோ என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த ஏலத்தில் விழுந்திருக்கிறார்கள்.

1985-ல் நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி, 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு கார் இறக்கியது. மேல் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அது 1977-ன் ஐரோப்பியச் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகி. ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது அந்தக் காலத்து வான்கார்டு கார் வம்சத்தைச் சேர்ந்த 1991 சி.சி. எஞ்சின். பட்டு வேட்டி கட்டிய தாத்தாவை ஓட்டப் பந்தயத்தில் விட்ட கதை! விலை அதிகம், பெட்ரோல் தாகமும் அதிகம். 1988-ல் தொழிற்சாலையே மூடிக்கொண்டது.

அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1957-ல் 'எட்செல்' என்று ஒரு காரை ஏக ஆர்ப்பாட்டத்தோடு கொண்டுவந்தது. அப்படி ஒரு கார் பிறந்ததே இல்லை என்கிற மாதிரி விளம்பரம். ஜனங்கள் வந்து பார்த்தார்கள். 'இவ்வளவுதானா?' என்று திரும்பிப் போய்விட்டார்கள். 1959-ல் கடையைக் கட்டினார்கள். நஷ்டம் சுமார் 25 கோடி டாலர். கார் ஒன்றும் அத்தனை மோசமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தரகர் அளந்த அளப்புக்கு எந்தப் பெண் ஈடுகொடுக்க முடியும்?

நம் நானோ கதை இதற்கு நேர் எதிர். ஸ்கூட்டரில் குடும்பமே மழையில் நனைந்துகொண்டு போவதைப் பார்த்து ரத்தன் டாடா மனசு இரங்கிச் செய்த கார் என்பார்கள். 2008 ஜனவரியில் காட்டினார்கள், 2009-ல் விற்பனை. ஒரு லட்ச ரூபாய்க் கார்! உலகமே அண்ணாந்து பார்த்தது. ஆனால் 'மலிவான கார்' என்கிற பட்டமே அதற்கு எமனாகிவிட்டது. வண்டி வாங்குகிறவன் கால்வாசி பயணத்துக்கு வாங்குகிறான். முக்கால்வாசி எதிர்வீட்டுக்காரன் பார்ப்பதற்கு வாங்குகிறான். அப்படி விளம்பரம் செய்தது தப்பாகிவிட்டது என்று பின்னால் ரத்தன் டாடாவே சொன்னார். 2018-ல் உற்பத்தி நின்றது.

சரி, எங்கள் ஊர் பார்த்த பெரிய ஏமாற்றம் எது? அதற்குச் சக்கரம் கிடையாது. அது கப்பல்.

1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், நாற்பதாயிரம் பங்குகள். மறு வருஷமே 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட ஆரம்பித்தன. வெள்ளைக்காரனின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி சும்மா இருக்குமா? டிக்கெட் விலையை இறக்கியது. இவர்களும் இறக்கினார்கள். கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுக்கிறோம் என்றார்கள் அவர்கள். இந்தக் குடைக் கதையை இன்றைக்கும் எங்கள் ஊரில் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. ஜெயிலில் செக்கிழுத்தார். 1912-ல் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. அது 1911-லேயே கலைக்கப்பட்டு, கப்பல்களும் கைமாறிவிட்டன.

பி.காம். படித்த கண்ணால் பார்த்தால் இது சுத்தமான நஷ்டக் கணக்கு. 25 ரூபாய் போட்டவர்கள் ஏமாந்தார்கள் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் சார், அந்தக் கப்பல்கள் எங்கேயும் பழுதாகி நிற்கவில்லை. ஓட்டியவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், அதனால் நின்றன. வண்டி ஏமாற்றுவது வேறு, வண்டியை ஏமாற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தை எந்த ஆடிட்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சரியாக நூறு வருஷம் கழித்து 2011-ல் இரண்டு காரியம் நடந்தது. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஜூன் 13-ம் தேதி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்று ஒரு பயணிகள் கப்பலும் கிளம்பியது. ஆயிரம் பேர் போகலாம். ஊரே பூரித்துப்போனது. ஆபீஸில் பாஸ்போர்ட் இல்லாதவன்கூட கொழும்பில் என்ன வாங்கலாம் என்று லிஸ்ட் போட்டான். ஆள் சேரவில்லை. நவம்பரோடு சர்வீஸ் நின்றுவிட்டது. இந்த முறை வெள்ளைக்காரன்மேல் பழி போடவும் வழியில்லை!

இத்தனையும் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அப்பா உப்புக் கம்பெனி ஒன்றில் கணக்குப்பிள்ளை. 1994-ல், நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, லோன் போட்டு ஒரு மொபெட் வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். கேஸ் போட்டால் வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை.

அந்த வண்டியை ஸ்டார்ட் செய்வது என்பது ஒரு தேகப்பயிற்சி. ஸ்டாண்டு போட்டு, சைக்கிள் மாதிரி பெடலை மிதித்து, பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ஊதி, மாட்டி, மறுபடி மிதித்து... அப்பா ஆபீஸ் போய்ச் சேருகிறாரோ இல்லையோ, பத்து மைல் சைக்கிள் மிதித்த பலன் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடும். மேம்பாலம் வந்தால் அம்மா இறங்கி நடப்பாள். வண்டிக்கு முன்னால் அவள் மேலே போய் நின்று எங்களுக்காகக் காத்திருப்பாள். மழைக்காலத்தில் ஓடாது. வெயில் காலத்தில் யோசிக்கும். டிசம்பர் பனியில், அதற்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி நிற்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "ஆபீஸ்ல எல்லாரும் மோசமான வண்டியைப் பத்திப் பேசினோம். நம்ம மொபெட்டுதாம்ப்பா முதல் பரிசு" என்றேன்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "அது எங்கலே ஏமாத்துச்சு?" என்று எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார். எட்டு வருஷத்துக் கணக்கு. பிளக் மாற்றியது, ரீபோர் செய்தது, சைலன்சர் கரி எடுத்தது என்று தேதி போட்டு, மணி மணியான கையெழுத்தில். எனக்குக் கை அரித்தது. கூட்டிப் பார்த்தேன். வாங்கின விலையைப் போல இரண்டேகால் மடங்கு செலவு!

"பாத்தீங்களாப்பா? இதுல நூத்துப் பதினோரு நாள் ரிப்பேருன்னு நீங்களே எழுதிருக்கீங்க!"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓடாத நாளை எழுதியிருக்கேம்லே. ஓடின நாளையும் எழுதணும்னா இந்த ஒரு நோட்டு பத்துமா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள். "பாப்பாவுக்கு மூச்சு முட்டுன ராத்திரியை அவனுக்குச் சொல்லுங்களேன்."

1997 ஐப்பசி. ராத்திரி இரண்டு மணி. கொட்டுகிற மழை. தங்கைக்கு வீசிங். உதடு நீலம் பாய ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ கிடையாது, பக்கத்து வீட்டில் போன் கிடையாது. மழைக்காலத்தில் ஓடவே ஓடாத அந்த மொபெட் அன்றைக்கு முதல் மிதியில் ஸ்டார்ட் ஆனதாம். முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்காமல் போனதாம். தங்கை இப்போது கோயமுத்தூரில் இருக்கிறாள்; இரண்டு குழந்தைகள்.

நோட்டில் அந்தத் தேதியைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. வண்டி ஓடியிருக்கிறதே, அப்பா எதற்கு எழுதப்போகிறார்?

காமர்ஸில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. குறைந்துசெல் மதிப்பு முறை என்பார்கள். வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். எத்தனை வருஷம் கழித்தாலும் அந்த முறையில் ஒரு பொருளின் மதிப்பு பூஜ்யத்துக்கு வராது. கல்லூரியில் இதைச் சொன்னபோது 'இதென்னடா கிறுக்குக் கணக்கு' என்று நாங்கள் பின் பெஞ்சில் சிரித்தோம். அப்பா அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. ஆனால் மொபெட்டைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் சாவியைப் பீரோவில் வைத்திருக்கிறார்.

இந்த மாதக் கடைசியில் நானும் ஒரு சிப்பி எடுக்கலாம் என்றிருக்கிறேன். பழைய கார்தான். மேட்டைத் தூக்கிப் பார்ப்பது, அடியில் குனிந்து டார்ச் அடிப்பது, மழை நாளில் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது என்று ஆபீஸ் அனுபவசாலிகள் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நேற்று ஒரு இடத்துக்குப் போன் பண்ணினேன்.

"அருமையான வண்டி சார். ஒரே ஓனர். வீட்டை விட்டு அதிகம் எடுத்ததே இல்லை."

"ஓனர் டாக்டரா?" என்றேன்.

எதிர்முனையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "சார்... உங்களுக்கு அவரைத் தெரியுமா?"