பூண்டும் புஜபலமும்

நான் குடியிருப்பது ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில். 'நான் இந்த உடம்பு இல்லை' என்று தெரிந்துகொள்வதற்காகவே வெள்ளைக்காரர்கள் பிளேன் ஏறி வருகிறார்களே, அந்த ஏரியா. அப்பேர்ப்பட்ட இடத்தில், என் வீட்டு முன் ரூமில், என் அக்கா மகன் தினமும் காலையில் பனியனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று 'நான் இந்த உடம்புதான்' என்று நிரூபித்துக்கொண்டிருந்தான்.

1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயசுப் பையனாக இந்த ஊரில் வந்து இறங்கிய ரமணர், பெரிய கோயில் பாதாள லிங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தொடையைப் பூச்சி அரித்ததுகூடத் தெரியாமல் இருந்தார் என்று படித்திருக்கிறோம். நம்ம பையன் தொடையை இன்ச் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதி வைப்பான். என்ன செய்வது, தொடைக்குத் தொடை வித்தியாசம்!

அக்காவும் அவனும் எங்களோடு வந்து சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அக்கா வீட்டுக்காரர் 46 வயசில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், பாதி டம்ளரோடு சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். பையனுக்கு அப்போது பதிமூன்று வயசு. இந்த விஷயம் எங்கள் வீட்டில் பேசப்படுவதில்லை. டீ டம்ளரை யாராவது பாதியில் வைத்தால் மட்டும் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆன வருஷம் ரத்தம் டெஸ்ட் பண்ணியதில் எனக்குக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 168. டாக்டர் ராத்திரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபது நாள் சாப்பிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு மகானுபாவர், அந்த மாத்திரை கம்பெனிக்காரன் சதி என்றும், பாலில் பூண்டு வேகவைத்துக் குடித்தால் ரத்தக்குழாய் புதுப் பைப் மாதிரி ஆகிவிடும் என்றும் அனுப்பியிருந்தார். மாத்திரையை நிறுத்தினேன். பூண்டை ஆரம்பித்தேன். ஆறு வருஷமாக என் பக்கத்தில் வந்து பேசுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றே பேசுகிறார்கள்.

மாவட்ட ஆணழகன் போட்டிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, ஒருநாள் தலைவலிக்கு மாத்திரை தேடி அவன் பையில் கை விட்டேன். சிரிஞ்ச், எண்ணெய் மாதிரி மருந்து உள்ள சின்ன பாட்டில்கள், பெயர் அழிந்த ஒரு டப்பாவில் மாத்திரைகள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

"என்னடா இது?"

"கத்தாதீங்க மாமா. அம்மா காதுல விழும். போட்டிக்கு எல்லாருமே போடுறாங்க. நான் கன்ட்ரோலா பண்றேன்."

"எது கன்ட்ரோல்?"

அவன் இன்னொரு டப்பாவைத் திறந்தான். தாயக்கட்டம் மாதிரி அறை அறையாக இருந்தது. மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், நியாசின், சிவப்பு ஈஸ்ட் அரிசி, பூண்டு எண்ணெய் முத்து, ஈரலுக்கு ஏதோ மூலிகை. "ஸ்டீராய்டு போட்டா கொழுப்பு ஏறும் மாமா. அதுக்குத்தான் இதெல்லாம். அது ஏத்தும், இது இறக்கும். மாஸ்டர் சார்ட்டே போட்டுக் குடுத்திருக்காரு."

அந்த நேரத்தில் ஒரு மாமன் செய்ய வேண்டியது என்ன? டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் செய்தது, பூண்டு முத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, "இது வேலை செய்யுமாடா?" என்று கேட்டதுதான். கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் மீன் எண்ணெய் பாட்டில் என் பென்ஷன் பணத்தில் வாங்கினேன். 'நிறுத்துடா' என்று சொல்லி அவன் முகம் சுருங்குவதைப் பார்ப்பதைவிட, ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது எனக்கு சுலபமாக இருந்தது. தவிர, ஜிம்முக்குப் போகும் 24 வயசுப் பையனுக்கு 'சயின்டிஃபிக் அட்வைசர்' ஆக இருப்பதில் ஒரு கெத்தும் இருந்தது.

நியாசின் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அது பி வைட்டமின் வகை. அதிக அளவில் போட்டால் உடம்பு குப்பென்று சிவந்து எரியும். அரை மணி, ஒரு மணியில் தானாக அடங்கிவிடும். இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெஞ்சு, கழுத்து, முகமெல்லாம் செக்கச்செவேல் என்று பாத்ரூமிலிருந்து வந்தான். அக்கா பார்த்தாள்.

"ஐயோ, ஆத்தா வந்துட்டாடா!"

என்னை வேப்பிலைக்குத் துரத்தினாள். நான் பக்கத்து காம்பவுண்டில் ஏறி, குரங்குகளோடு போட்டி போட்டு ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருவதற்குள் சிவப்பு வடிந்துவிட்டது. வேப்பிலையைப் பார்த்த உடனே ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு, ஊற்றியும் விட்டாள். நான் இரண்டு சொம்பு குடித்தேன். தொண்டையில் இறங்கவே இல்லை.

மூன்றாம் மாதம் ரத்தம் டெஸ்ட். பன்னிரண்டு மணி நேரப் பட்டினியோடு, ஆசிரமத்து மயில் அகவுகிற நேரத்தில் இரண்டு பேரும் லேபுக்கு நடந்தோம். சாயங்காலம் ரிப்போர்ட். மொத்தக் கொழுப்பு 198! இருநூறுக்குக் கீழே! டிரைகிளிசரைடு 90! மீன் எண்ணெய் வாழ்க என்று கை குலுக்கி, எதிர் ஓட்டலில் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். பில் கொடுக்கும்போதுதான் பையன் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க ஒண்ணுல ஸ்டார் போட்டிருக்கே" என்றான்.

எச்.டி.எல். 14.

ஆண்களுக்கு 40-க்குக் கீழே போனாலே குறைவு. 14 என்றால் பரீட்சையில் வாங்கினால்கூட வீட்டில் சேர்க்க மாட்டார்கள். எல்.டி.எல். 166. நல்லது அதலபாதாளத்துக்குப் போய், கெட்டது மேலே ஏறி, எல்லாவற்றையும் கூட்டினால் டோட்டல் மட்டும் யோக்கியமாக 198 காட்டுகிறது. வரவும் செலவும் சரியாக இருக்கிறது, கல்லாவில் மட்டும் பணம் இல்லை என்கிற கணக்கு மாதிரி.

டாக்டரிடம் போனோம். எனக்கு மாத்திரை எழுதினாரே, அவரேதான். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "எத்தனை மாசமா ஊசி?" என்றுதான் முதலில் கேட்டார். பிரஷர் 150-க்கு 96. ஹீமோகுளோபின் 18.6. "நல்ல ரத்தம் சார்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "நல்ல ரத்தம் இல்லை, கெட்டி ரத்தம். பாகு மாதிரி ஓடுது" என்றார்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பௌர்ணமி கிரிவலம் முடிஞ்ச மறுநாள் நம்ம ரோடு எப்படி இருக்கும்? விடியறதுக்குள்ள துப்புரவுப் பணியாளர்கள் வந்து குப்பையை அள்ளிக்கிட்டுப் போறாங்க இல்லை? எச்.டி.எல். அந்த வேலையைப் பார்க்கறது. நீ போடற மருந்து அவங்களை வேலையை விட்டுத் துரத்துது. மாத்திரையா முழுங்கறது இன்னும் மோசம். ஈரல் அதைச் சட்டுனு சிதைக்க முடியாதபடி செஞ்சிருக்கான். அது ஈரல்ல இருந்துகிட்டு, எச்.டி.எல்.லைச் சிதைக்கிற ஒரு என்சைமை முடுக்கி விடுது."

1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 செகண்டில் ஓடிவிட்டு மெடலைப் பறிகொடுத்தாரே பென் ஜான்சன், அவர் மாட்டிக்கொண்டது ஸ்டானசோலால் என்கிற மருந்தில். மறு வருஷமே அமெரிக்காவில் எடை தூக்குகிறவர்களுக்கு அந்த மாத்திரையைத் தினம் 6 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எச்.டி.எல். 33 சதவீதம் இறங்கியது. ஊசியாகப் போட்ட டெஸ்டோஸ்டிரோனில் 9 சதவீதம்தான். நம்ம மாஸ்டர் சார்ட்டில் மாத்திரை அளவு அதைப்போலப் பல மடங்கு. ஊசியும் உபரியாக.

"அதான் சார் நியாசின் போடறேன். அது எச்.டி.எல்.லை ஏத்தும்ல?" என்றான் பையன்.

"ஏத்தும்பா. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல கையெழுத்து ஏறும். குப்பை அள்ளறாங்களாங்கிறதுதான் கேள்வி."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், அவர் சொன்னது சரிதான். 2014-ல் வந்த பெரிய ஆராய்ச்சி; 25,673 பேர். நியாசினை, அந்தச் சிவப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். (அந்த மருந்து இருந்திருந்தால் நான் காம்பவுண்டு சுவர் ஏறியிருக்க வேண்டாம்.) எச்.டி.எல். ஏறியது. ஹார்ட் அட்டாக் குறையவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. அதற்கு முன்னாலேயே, 2006-ல், எச்.டி.எல்.லை எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றிக் காட்டிய டார்செட்ராபிப் என்கிற புது மருந்தை, அதைச் சாப்பிட்டவர்களில் சாவு அதிகம் என்று தெரிந்து பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். நம்பர் ஏறினால் போதும் என்று நினைத்தவர்கள் நானும் என் அக்கா மகனும் மட்டும் இல்லை, பெரிய பெரிய கம்பெனிகளும்தான்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி இன்னும் தமாஷ். அதில் வேலை செய்கிற சரக்கு லோவாஸ்டாட்டின். 1987-லேயே மருந்தாக வந்த முதல் ஸ்டாட்டின். எந்த மாத்திரைக்குப் பயந்து நான் ஓடினேனோ, அதன் அண்ணனையே மருமகன் 'இயற்கை' என்று முழுங்கிக்கொண்டிருந்தான். எந்தப் பாட்டிலில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "கொழுப்பு மட்டுமா பிரச்னை? 2017-ல அமெரிக்காவுல ஸ்டீராய்டு போட்ட 86 பேரையும், போடாம எடை தூக்கற 54 பேரையும் வெச்சுப் பார்த்தாங்க. போடாதவங்களுக்கு இதயம் ஒரு துடிப்புல உள்ளே இருக்கற ரத்தத்துல சராசரி 63 சதவீதம் வெளியே தள்ளுது. போட்டவங்களுக்கு 52. மீன் எண்ணெய் ஊத்தி அதைச் சரி பண்ண முடியுமா?"

எக்கோ எடுத்தார்கள். 54 என்று வந்தது. பார்டர். பையன் ஒன்றும் பேசவில்லை. ஜெல்லைத் துடைக்கக் கொடுத்த டிஷ்யூ பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தான். நாற்பத்தைந்து இன்ச் மார்பில் எனக்கு அந்தப் பதிமூன்று வயசுப் பையன் தெரிந்தான்.

நாங்கள் எழுந்தபோது டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், நான் உங்களுக்கு எழுதினேனே, சாப்பிடறீங்களா?"

"அது வந்து... பூண்டு..."

அவர் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் 2022-ல் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆறையும் ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமுக்கு எதிராக 28 நாள் களத்தில் இறக்கினார்களாம். மாத்திரை எல்.டி.எல்.லைச் சுமார் 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறும் வெறும் டம்மி மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பூண்டு கோஷ்டிக்குக் கொஞ்சம் ஏறியே இருந்ததாம்.

"மாமா!" என்றான் பையன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மானம் போயிற்று.

ஆட்டோவில் ஒப்பந்தம் ஆயிற்று. அவன் ஊசியை நிறுத்துவது, நான் மாத்திரையை ஆரம்பிப்பது. என்னுடையது சுலபம், ஒரு வாய்த் தண்ணீர். அவனுடையது அப்படி இல்லை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்ததால் உடம்பு சொந்த உற்பத்தியை இழுத்து மூடிவிடும், திறக்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேலூரில் ஒரு ஹார்மோன் டாக்டரிடமும் அனுப்பினார். பையன் படுத்தால் எழ மாட்டான். சட்டை தொளதொளத்தது. ஆணழகன் போட்டியில் கூடப் பயிற்சி எடுத்தவன் கப் வாங்கிய போட்டோ வந்த அன்று கொல்லையில் உட்கார்ந்து அழுதான். காதல் தோல்வி என்று முடிவு கட்டிய அக்கா, பெண் எந்தத் தெரு என்று என்னைக் குடைய ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சொன்னேன். சிரிஞ்சிலிருந்து, நான் வாங்கிக் கொடுத்த மீன் எண்ணெயிலிருந்து, வேப்பிலை வரை எல்லாம். விளக்குமாறு வரும் என்று எதிர்பார்த்தேன். அக்கா பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பழைய சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை. சாவதற்கு நாலு மாதம் முன்னால் எடுத்தது.

"அவரும் இதேதான்டா சொன்னாரு. எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குன்னு" என்றாள். எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள். அன்றைக்கு என் பாலில் பூண்டு இல்லை.

ஐந்து மாதம் கழித்து மறுபடி பட்டினி, மறுபடி மயில், மறுபடி லேப். எனக்கு எல்.டி.எல். 97. அவனுக்கு 121, எச்.டி.எல். 37. எக்கோ அடுத்த மாதம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை நெய் ரோஸ்ட் சாப்பிடாமல் நேரே வீட்டுக்கு வந்தோம்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்க ஒண்ணுக்கு மட்டும் ஸ்டார் போட்டிருக்கானே... நல்லதாடா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"நீயே சொல்லுடா" என்றேன்.