நான்கு புள்ளிகளும் ஒரு பச்சைப் புள்ளியும்

தோக்கியோவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் அது. இரவு பத்து மணி இருக்கும். ஜப்பானியர்கள் 'கொம்பினி' என்று அழைக்கும் 24 மணி நேரக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணெதிரே சோற்று உருண்டைகள், கோப்பை மீ, சூப், ரொட்டி என்று அடுக்கடுக்காக உணவு. வயிற்றில் நல்ல பசி. ஆனால், எதில் கைவைப்பது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் சைவம்.

கைப்பேசியில் அம்மா கேட்டார், "சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேம்மா" என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம்.

இரண்டாம் வாரம் பேரங்காடியில் ஒரு பொட்டலம் கண்ணில் பட்டது. கிள்ளானில் வளர்ந்த எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது. ஆனால், ஒரே ஓர் எழுத்து மட்டும் அத்துப்படி. மேலே மூன்று படுக்கைக் கோடுகள், கீழே முறுக்கிவிட்ட நூல்போல ஓர் உருவம். மாண்டரினில் 'சூ' என்பார்கள். நம் ஊர்ச் சீனச் சைவக் கடைகளின் பலகையில் இருப்பது அதுதான். புரட்டாசி மாதத்தில் நம்மவர் கூட்டம் அலைமோதும் கடைகள் அவை. அம்மா வறுவல் செய்ய வாங்கும் சைவ மட்டன் பொட்டலத்திலும் அந்த எழுத்து இருக்கும்.

அதே எழுத்து இங்கே! அட்டையில் காளானும் கேரட்டும் படமாக இருந்தன. அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் போதும். இரண்டு பொட்டலம் வாங்கி மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நான்காம் நாள் மதிய உணவு நேரத்தில் அலுவலகத் தோழி ஒருவரிடம் பெருமையாக அந்த அட்டையைக் காட்டினேன். அவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இதில் கோழிச் சாறு இருக்கிறது. மீன் சாறும் இருக்கிறது."

சீனர்களுக்கு 'சைவம்' என்று பொருள்படும் அந்த எழுத்தை, ஜப்பானிய உணவுப் பொட்டலங்களில் 'மோத்தோ' என்று படிக்க வேண்டுமாம். அதற்கு 'மூலப்பொருள்' என்று அர்த்தம். அஜினோமோட்டோ என்ற பெயரின் கடைசியில் வருகிறதே, அதே மோத்தோ. 'சுவையின் மூலம்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

அன்றிரவு அழுதேன். கோழிச் சாறுக்காக மட்டும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தும் என்னைக் கைவிட்டுவிட்டதே என்றுதான். இங்குள்ள மலேசிய நண்பர் ஒருவர், "மீன் தூள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். விட்டுவிடலாமா என்று நானும் ஒரு வாரம் யோசித்தேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனால், "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியுமே!

அதன்பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் 'தாஷி' என்னும் சாறு. பெரும்பாலும் அதை 'கட்ஸுஓ' என்ற மீனைக் காயவைத்துச் சீவிய தூளிலிருந்து எடுக்கிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் எடுக்கும் தாஷியும் உண்டு. இறைச்சியும் மீனும் சேர்க்காத புத்த மடாலயச் சமையலில் அவைதான் பயன்படுகின்றன. ஆனால், கடை உணவில் மீன் தாஷியே அதிகம். சட்டப்படி இறால், நண்டு, முட்டை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் கட்ஸுஓ இல்லை. அதனால் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நம்பிவிட முடியாது. மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும்.

தோழி எனக்கு ஒரு குறுக்குவழி சொல்லித்தந்தார். மீனைக் குறிக்கும் எழுத்தின் அடியில் நான்கு சிறு புள்ளிகள் இருக்கும். கோழியைக் குறிக்கும் எழுத்திலும் அப்படியே. நான்கு புள்ளி தென்பட்டால் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் எள் பிஸ்கட் ஒன்றை நான் திருப்பி வைப்பதைப் பார்த்துத் தோழி சிரித்துவிட்டார். 'கறுப்பு' என்ற எழுத்திலும் நான்கு புள்ளி உண்டாம். நான் ஒதுக்கியது வெறும் கறுப்பு எள்! 'இல்லை' என்ற எழுத்திலும் அதே நான்கு புள்ளி. செயற்கைப் பொருள் எதுவும் 'சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் பயந்து ஓடியிருக்கிறேன்.

மெல்ல மெல்லக் கைக்கு எட்டியவை கூடின. குளிர்காலத்தில் கொம்பினியில் சூடாகக் கிடைக்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உப்பில் ஊறிய 'உமே' காயை நடுவில் வைத்த சோற்று உருண்டை. அதன் புளிப்பும் உப்பும் நம் எலுமிச்சை ஊறுகாய்க்கு உறவு. சிலவற்றில் கட்ஸுஓவும் கலந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை நிஷிகசாய் போனேன். நகரின் மையமான ஓத்தேமாச்சியிலிருந்து தோசாய் ரயிலில் சுமார் 15 நிமிடம். 2000ஆம் ஆண்டை ஒட்டி, கணினிகளில் தேதிக் குளறுபடி வரும் என்று உலகமே பயந்த காலத்தில், அதைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் பலர் குடியேறிய வட்டாரம் அது. இந்தியக் கடைக்குள் நுழைந்ததும் பெருங்காய வாசம். அடுக்கில் உடனடி உப்புமா, சேமியா, புளிக்குழம்புப் பசை. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் யாரும் பொட்டல உப்புமா சாப்பிட்டதே இல்லை. ஆனாலும் அதன் மூலையில் இருந்த சின்னத்தைக் கண்டதும் கண் கலங்கியது. பச்சைச் சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி. இந்தியாவில் பொட்டலமிட்டு விற்கும் சைவ உணவுக்கு இது கட்டாயம். படிக்க வேண்டாம், கேட்க வேண்டாம். கூடை நிறைய அள்ளினேன்.

இந்தச் சித்திரையில் அம்மா இங்கு வந்திருந்தார். ஊரில் எல்லாமே சுலபம் என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பள்ளி விட்டு வரும்போது நாசி லெமாக் கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே, சம்பாலில் பெலாச்சான் உண்டா, நெத்திலி உண்டா என்று அம்மா மலாயில் விசாரித்துவிடுவார். மீ கடையிலும், பிறந்தநாள் கேக் வாங்கும்போதும் அதே விசாரணைதான். கேட்கும் வேலை ஊரிலும் இருந்தது. அதை அம்மா செய்துகொண்டிருந்தார். எனக்குச் சுலபமாக இருந்தது அதனால்தான்.

அன்று மாலை இருவரும் கொம்பினிக்குப் போனோம். உமே உருண்டை ஒன்றை எடுத்துத் திருப்பி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன்.

"சாப்பிடலாம்மா" என்று நீட்டினேன்.

அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை. பிரித்து ஒரு வாய் கடித்தார். "தயிர் மட்டும்தான் குறை" என்றார்.