அண்ணனின் பெட்டியில் ஒரு பாடபேதம்

எங்கள் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவர் 2013-இல் காலமானார். எஞ்சியிருக்கும் இருவரில் ஒருவன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவன். மற்றவன் திருச்சியில் வானொலி, ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். இதை எழுதுவது முன்னவனின் கை என்றாலும், இதில் சொல்லப்படும் பிழை இருவருக்கும் பொது. ஆகவே ‘நாங்கள்’ என்று எழுதுவதே முறை.

அண்ணன் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மெல்லிசைக் குழுவொன்றில் கிதார் வாசித்தவர். மாரியம்மன் திருவிழா, திருமண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா என்று மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பார். இளையராஜாவின் பாடல்களை மேடையேற்ற வேண்டுமென்றால் மின்கிதார் இல்லாமல் முடியாது. சில பாடல்களுக்கு வெறும் கிதாரும் போதாது, காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெடல் வேண்டும். வெளிநாட்டுப் பெடல் ஒன்றின் விலை அவருடைய பல மாத வருமானம். எனவே தாமே செய்துகொண்டார். பிஸ்கட் டப்பாவை வெட்டிச் செய்த தகரப் பெட்டி, இரண்டு திருகுமிழ்கள், ஒரு மிதிவிசை. எங்கள் வீட்டில் அதற்கு ‘அண்ணன் பெட்டி’ என்று பெயர்.

இந்தக் கருவியை அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். கம்பியின் அதிர்வு சிற்றலையாக, மின்னலையாக ஒலிபெருக்கியை நோக்கிச் செல்கிறது. வழியில் ஒரு பெட்டியை வைத்து அந்த அலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால் என்ன ஆகும்? பெட்டிக்குள் இருப்பது ஒன்பது வோல்ட் மின்கலம் மட்டுமே. அதற்கு மேல் அலையால் உயர இயலாது. மேலே முட்டும், கீழே முட்டும்; குன்றின் தலையைச் சீவியதுபோல முகடு தட்டையாகும். அந்தத் தட்டை முகட்டிலிருந்து, மூல ஒலியில் வலுவற்றுக் கிடந்த மேற்சுரங்கள் பல பெருகி எழுகின்றன. கேட்பவருக்கு அது ஆயிரம் வண்டுகள் ஒரே சுருதியில் முரல்வதுபோல் இருக்கும். ‘ஃபஸ்’ என்று இதை அழைக்கிறார்கள்.

பொறியியல் நோக்கில் இது ஒரு பழுது, பழுதாகத்தான் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ என்ற பாடலின் ஒலிப்பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறுகம்பி பேஸ் கிதாரின் ஓசை, ஒலிக்கலவைப் பலகையின் ஒரு தடத்தில் ஏற்பட்ட கோளாற்றால் கரகரத்து ஒலித்தது. அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள். அந்தப் பதிவின் ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, பிறகு அதே பழுதை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சுற்றை வடிவமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சேட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு, அந்தப் பழுதை உலகமே தேடி வாங்கியது. திருத்தாமல் விட்ட ஒரு பிழையே பின்னர் இலக்கணமாயிற்று. இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. தெரிந்திருந்தும்தான் நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம்.

அண்ணன் பெட்டியின் சுற்று அவருடைய சொந்தக் கற்பனையன்று. லண்டனைச் சேர்ந்த ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ என்ற வட்டமான பெடல்தான் அதன் மூலம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸால் புகழ்பெற்றது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று மின்தேக்கி, இரண்டு திருகுமிழ். மொத்தம் பதினொரே உறுப்புகள். குறளுக்கு ஏழு சீர் போல இதற்குப் பதினொன்று. ஒன்றை மாற்றினாலும் ஓசை மாறும். மூத்த கலைஞர் ஒருவர் கையால் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து அண்ணன் செய்தார். பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய ஏசி128 என்னும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இரண்டைப் போட்டிருந்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உலோகக் குப்பிகள்.

அவர் போன பிறகு பெட்டி பரணில் கிடந்தது. அண்ணன் மகள் கல்லூரிக் காலத்தில் கிதார் கற்று, பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் நண்பர்களோடு வாசித்துவந்தாள். 2018-ஆம் ஆண்டு மார்கழியில் தொலைபேசியில் கேட்டாள்: “சித்தப்பா, அப்பாவோட பெட்டி ஓடுமா பாருங்களேன். அடுத்த பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துக்கிறேன்.”

பெட்டியைத் திறந்தோம். உள்ளே விட்டுவைத்த மின்கலம் கசிந்து, அதன் கம்பியிணைப்பு பச்சை பூத்திருந்தது. பழுது அவ்வளவுதான். பத்து ரூபாய் இணைப்பு ஒன்றை மாற்றியிருந்தால் பெட்டி பேசியிருக்கும். ஆனால் எங்கள் கையில் அப்போது ஃபஸ் ஃபேஸின் முறையான சுற்றுப்படம் இருந்தது. படத்தையும் பெட்டியையும் ஒப்புநோக்கினோம். இரண்டு இடங்களில் பெட்டி ‘பிழையாக’ இருந்தது.

முதலாவது, கிதாரிலிருந்து வரும் அலை நுழையும் வாயிலில் இருந்த மின்தேக்கி. படத்தில் 2.2 மைக்ரோஃபாரட். அண்ணன் போட்டிருந்தது அதைவிட மிகச் சிறியது. ‘கிடைத்ததைப் போட்டிருப்பார், பாவம்’ என்றோம். இரண்டாவது, படத்தில் 8.2 கிலோஓம் நிலையான மின்தடை இருக்க வேண்டிய இடத்தில், திருப்புளியால் திருகக்கூடிய பிரீசெட் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு நேராகத் தகரத்தில் ஒரு துளை. துளையின் இருபுறமும் கூரான எதனாலோ கீறிய இரண்டு எழுத்துகள்: ‘சி’, ‘மா’. அண்ணி வருவதற்கு முன்பு யாரேனும் சித்ராவோ மாலதியோ இருந்திருப்பார்களோ என்று தம்பி சிரித்தான். இரண்டு உறுப்புகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் படத்தில் உள்ளபடியே புதியவற்றைப் பற்றவைத்தோம். கழற்றியவற்றின் மதிப்பை ஒரு துண்டுத்தாளில்கூடக் குறிக்கவில்லை. அவை கடையின் குப்பையோடு போயின.

பெட்டி ஓடியது. முழக்கமாக, தடிப்பாக, புத்தகத்தில் சொன்னபடி ஓடியது. அண்ணியை அழைத்து வாசித்துக் காட்டினோம். சற்று நேரம் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவரு வாசிச்சா ஒவ்வொரு கம்பியும் தனியாக் கேக்கும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். எங்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

வீட்டில் 1991-இல் ஒரு திருவிழாக் கச்சேரியில் பதிவான ஒலிநாடா ஒன்று இருந்தது. போட்டுக் கேட்டோம். டிரம், தபேலா, பேஸ் கிதார், கூட்டத்தின் சீழ்க்கை எல்லாவற்றுக்கும் நடுவே அண்ணனின் கிதார் நூல் பிடித்ததுபோல் வெட்டிக்கொண்டு போகிறது. எங்கள் கைபட்ட பெட்டியில் அந்தக் கூர்மை இல்லை. கேழ்வரகுக் களி கிண்டியதுபோல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. காரணத்தைத் தம்பிதான் கண்டான். நுழைவாயில் மின்தேக்கி சிறியதானால் தாழ்ந்த ஒலிகள் அங்கேயே வடிகட்டப்படும். தனியறையில் தனியாக வாசிப்பவனுக்கு அது குறை. மேடையில் கீழ்ச்சுரங்களைப் பேஸ் கிதாரும் டிரம்மும் முன்பே நிரப்பிவிடுகின்றன. அங்கே ஃபஸ்ஸும் அதே இடத்துக்குப் போட்டியிட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. அண்ணன் கிடைத்ததைப் போடவில்லை. தேர்ந்து போட்டிருக்கிறார்.

இரண்டாவது புதிருக்கு 2019-ஆம் ஆண்டின் ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு நண்பகலில், அக்கினி வெயிலுக்கு முன்னோட்டம்போல் ஓடு காய்ந்துகொண்டிருந்தபோது பெட்டியை இயக்கினோம். ஒவ்வொரு சுரமும் எழுந்த வேகத்தில் திக்கி, அறுந்து விழுந்தது. பழுதென்று எண்ணி மூடி வைத்தோம். அன்றிரவு கோடை மழை. குளிர்ந்த காற்றில் மறுபடி வாசித்தால் பெட்டி மிக ஒழுங்காகப் பாடியது. தம்பி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சூடேறிய சால்டரிங் அயர்னை டிரான்சிஸ்டரின் மீது படாமல் அருகில் மட்டும் கொண்டுபோனான். ஓசை திக்கியது. விலக்கினான், சில நிமிடங்களில் மீண்டது.

ஜெர்மானியத்தின் இயல்பு அது. சிலிக்கானைவிட வெப்பத்துக்கு மிகவும் நொய்மையானது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் அதனுள் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் ஒரு முனையில், மின்கலத்தின் ஒன்பது வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது நாலரை வோல்ட் நின்றால்தான் அலைக்கு மேலும் கீழும் இடம் இருக்கும். கசிவு கூடினால் அந்த நடு இடம் பெயர்ந்துவிடும். பெயர்ந்ததைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரத்தான் பிரீசெட். மேடையில் நின்றபடியே திருப்புளியால் திருகத்தான் தகரத்தில் துளை. துளைக்கு ஒருபுறம் ‘சி’, மறுபுறம் ‘மா’.

சித்திரை. மார்கழி.

சித்ராவும் இல்லை, மாலதியும் இல்லை. குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும், முல்லைக்குக் காரும் மாலையும் என்று பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவன் எங்களில் ஒருவன். ஓர் ஓசைக்கும் பொழுது உண்டு என்பதை அண்ணன் தகரத்தில் கீறி வைத்திருந்தார். அதைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894-இல் பதிப்பித்தார். அவருடைய பதிப்புகளின் மதிப்பு எதில் இருக்கிறதென்றால், ஏடுகளுக்கிடையே சொல் வேறுபட்ட இடங்களைப் பிரதிபேதமாகக் குறித்துவைத்ததில் இருக்கிறது. தமக்குப் பிழையெனத் தோன்றியதை அழிக்காமல் விட்டவர், அடுத்து வருபவனின் அறிவுக்கு இடம் வைத்தார். இதையும் வகுப்பில் சொல்கிறோம். தேர்வில் எழுதாத மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கிறோம். ஆனால் அண்ணனுடைய ஒரே ஏடு எங்கள் கைக்கு வந்தபோது, அதைப் பொதுப்பாடத்துக்கு ஏற்பத் திருத்திவிட்டு, அவர் எழுதிய இரண்டு சொற்களைக் குப்பையில் கொட்டினோம். கற்றது கைக்கு வந்து சேர இவ்வளவு தொலைவா என்ற வெட்கம் இன்னும் தீரவில்லை.

மீட்கும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. புதிய பிரீசெட் கிடைத்தது. அதை மல்டிமீட்டரின் துணையோடு பொருத்துவது எளிதாக இருந்தது. மின்தேக்கிதான் கடினம். ஒலிநாடாவை ஓடவிட்டு, 0.047, 0.1, 0.22, 0.47 என்று ஒவ்வொன்றாக வைத்து, அதே பாட்டின் அதே வரியை வாசித்துக் காதால் ஒப்பிட்டோம். நாடாவோ முப்பது ஆண்டுப் பழசு; மேல் ஒலிகள் தேய்ந்தவை. 0.1 மிக நெருங்குவதாகப் பட்டது. ‘பட்டது’ என்பதற்கு மேல் சொல்ல எங்களிடம் சான்று இல்லை. டிரான்சிஸ்டர்களில் கைவைக்காமல் விட்டது மட்டுமே எங்கள் நல்லூழ்.

இம்முறை நோட்டுப்புத்தகம் ஒன்று வாங்கினோம். முதல் பக்கத்தில், எதைக் கழற்றினோம், எதை அறியாமல் எறிந்தோம் என்பதை எழுதினோம். ஒவ்வொரு சோதனையையும் தேதியோடும் அறையின் வெப்பநிலையோடும் குறித்தோம். 0.1-க்கு எதிரே ‘ஊகபாடம்’ என்று எழுதி அடிக்கோடிட்டோம்.

2020-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அண்ணன் மகள் வந்தாள். பெட்டியைக் கொடுப்பதற்கு முன் நோட்டைக் கொடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். கோபித்துக்கொள்வாள் என்றும், அழுவாள் என்றும் நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டும் செய்யவில்லை.

“இதுல அப்பா பாடம் எது, உங்க பாடம் எது சித்தப்பா?” என்று கேட்டாள்.

“பிரீசெட் அப்பா பாடம். கண்டன்சர் எங்க ஊகம். முன்னாடி நாங்க போட்ட 2.2, அச்சுப் பாடம்.”

“அப்ப ரெண்டையும் வச்சிருங்க. ஒரு சுவிட்சு போட்டா மாத்திக்கலாம்ல? நாங்க மூணே பேருதான் வாசிக்கிறோம், கீபோர்டு கிடையாது. சில பாட்டுக்குத் தடிமனாவும் வேணும்.”

எங்களுக்குத் தோன்றாத வழி. அன்று மாலையே பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, இருநிலை விசை ஒன்றைப் பொருத்தினோம். மேலே தள்ளினால் 0.1, கீழே தள்ளினால் 2.2. ஒரு பக்கம் ஊகபாடம், ஒரு பக்கம் அச்சுப் பாடம். இரண்டில் எது வேண்டும் என்பதை அந்தந்தப் பாட்டு சொல்லிக்கொள்ளும்.

துளை போட்ட இடத்தில் ஏதாவது எழுதட்டுமா என்று தம்பி கேட்டான். அவளே கவராயத்தை வாங்கி, விசைக்கு மேலே ‘அ’ என்றும் கீழே ‘சி’ என்றும் கீறினாள். அப்பா, சித்தப்பா. பெட்டியில் ஏற்கெனவே ஒரு ‘சி’ இருக்கிறதே, பின்னால் திறந்து பார்ப்பவர் குழம்பமாட்டாரா என்று எங்களில் தமிழ் கற்பிப்பவன் கவலைப்பட்டான்.

“அதுக்குத்தான் நோட்டு இருக்கே” என்றாள். நோட்டை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தாள், இடம் போதவில்லை. கிதார் உறையின் உட்பையில் பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். மின்கலத்தை மட்டும் மறக்காமல் கழற்றிக் கொடுத்தனுப்பினோம்.