எனக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரர்



ஃபுட்பால் ஆடினால் நான் எப்பவும் பேக்தான். கோல் போடுறவனை எல்லாரும் தோள்ல தூக்குவாங்க. தடுத்தவனை யாரு கேட்பா? அதனாலேயே எனக்குக் கேல் மகாரை ரொம்பப் பிடிக்கும்.

யார் இவர்? கனடாவின் கால்கரி நகரில் 1998-ல் பிறந்தவர். ஐஸ் ஹாக்கி வீரர். ஐஸ் தரையில் ஸ்கேட்டிங் செய்துகொண்டே ஆடும் ஆட்டம் அது. கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு அணிக்கு ஆறு பேர். அதில் இரண்டு பேர் தடுப்பாட்டக்காரர்கள்.

2017-ல் கொலராடோ அவலாஞ்ச் அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. உடனே ஓடிப்போய்ச் சேர்ந்தாரா? இல்லை! மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்துக்கொண்டே ஆடினார். 2019-ல் அவலாஞ்சுக்கு ஆடிய முதல் மேட்சிலேயே கோல்! அதுவும் சொந்த ஊர் கால்கரி அணிக்கு எதிராக. 2022-ல் ஸ்டான்லி கோப்பை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது 2022, 2025 என இரண்டு முறை.

ஆனா எனக்குப் பெருசாத் தெரியுறது வேற. 2022 டிசம்பரில் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணியோடு ஒரு மேட்ச். மகார் கீழே விழுந்தார். எதிராளி தட்டிவிட்டதாக நினைத்து நடுவர் கை தூக்கிவிட்டார். தண்டனை நின்றிருந்தால் எதிரணி இரண்டு நிமிஷம் ஒரு ஆள் குறைவாக ஆடணும். மகாரோ, தானாகத்தான் விழுந்ததாக நடுவரிடம் சொல்லிவிட்டார். தண்டனை ரத்து!

இதுக்குக் கோப்பை கிடையாது. நண்பர்களே, உங்க பக்கம் தப்பா விசில் ஊதினா, நீங்க வாயைத் திறப்பீங்களா? நான் இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவன்